காய்ந்தால் தெரியும்

மரணம் ஒரு வீட்டுக்குள் காலடி வைத்துவிட்டால் பெரியது சிறியது என்று எதுவும் அதன் முன்னால் நிற்காது. பதவி, பகை, பகட்டு எல்லாம் வாசலிலேயே செருப்போடு கழன்றுவிடும். முன்னறையில் நின்று, யாரும் கேட்காமலே, குடியிருப்போர் சங்கத் தலைவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே போர்ட்டிகோவில் சின்னவள் ஒரு வெள்ளைக் காரின் முன்னால் மண்டியிட்டு, நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் அதன் பம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கத் தலைவருக்குத் தெருவில் வைத்த பெயர் மைக். மைக் இல்லாமலே மைக் வைத்தது போலப் பேசுவார். அவர் குரலுக்கு அடியில், ஒரே சுருதியில், குளிர்பெட்டியின் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் அப்பா இருந்தார். நேற்று மாலை இதே காரின் பின்சக்கரத்தருகே விழுந்து கிடந்தவரைப் பால் பாக்கெட் வாங்கப் போன எதிர்வீட்டுக்காரர்தான் பார்த்திருக்கிறார். இடுப்பில் கைலி மட்டும். மேலே சட்டை இல்லை. கை இரண்டும் முழங்கை வரை கரும்பச்சை. டாக்டர் வந்து, மாரடைப்பு, ஒரு நொடியில் முடிந்திருக்கும், வியர்த்துக் கொட்டியதில் சட்டையைக் கழற்றியிருப்பார், பிடிமானத்துக்குக் காரைப் பிடித்தபடி நடந்திருப்பார் என்று எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போனார்.

கார் பெரியவனுடையது. பெரியவன் வேறு ஊரில் வேலை பார்த்தான். அவன் பதவியின் பெயர் வருடா வருடம் ஒரு சொல் நீண்டுகொண்டே வந்தது. அப்பா அதைப் பாதியில் மறந்துவிட்டு, "பெரிய வேலை" என்று முடித்துக்கொள்வார். அங்கே அவன் குடியிருப்பில் ஒரு காருக்குத்தான் இடம். இரண்டாவது கார், புதுசு, அப்பா வீட்டுக்கு வந்தது. அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். ஆயுள் முழுக்க அடுத்தவர் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று "மீட்டர்" என்று குரல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர். இப்போது மகனுடைய காருக்குக் காவல். வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிடணும், சாயக்கூடாது, பக்கெட்டை ஒட்டி வைக்கக்கூடாது, கவரை எடுக்கும்போது தரையில் இழுக்கக்கூடாது என்று குரல் செய்திகள் வரும். அவற்றை அப்பா எழுந்து நின்றுதான் கேட்பார்.

போன மாதம் ஒருநாள் கதவைத் திறப்பதற்காகக் காய்கறிப் பையை நிமிஷ நேரம் பானெட்டில் வைத்திருக்கிறார். அம்மா கையில் வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. "அது என்னப்பா, கார்னு நினைச்சீங்களா, காய்கறிக் கடைன்னு நினைச்சீங்களா?" என்று ஆரம்பித்தவன் வெகுநேரம் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து அப்பா காரைக் கடக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார்.

பிறகு, காருக்குப் பக்கத்தில் துருப்பிடித்த கேட் அசிங்கமாக இருக்கிறது என்று பெரியவன் சொன்னான். அதனால்தான் நேற்று கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட். அது உறைக்கும் உறை போடுகிற குடும்பம். ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, சோபாவுக்குத் துணி உறை, அந்தத் துணி அழுக்காகாமல் இருக்க மேலே ஒரு பழைய போர்வை. கார் கவர் வெளிநாட்டு மாடல் என்று பெரியவன் சொல்லியிருந்தான். ஆகவே கவரில் பெயின்ட் பட்டுவிடக் கூடாதே என்று, அப்பா கவரைக் கழற்றி, நான்காக மடித்து, பீரோவுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, காரைக் கவர் இல்லாமல் விட்டுவிட்டுக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார்.

இன்று காலை சின்னவளும் அவள் கணவரும் வந்து இறங்கியதும், அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அவன் மத்தியானம் வந்துடுவான். அதுக்குள்ள அதத் தொடச்சிடுடி."

"எதம்மா?"

"கார. ஒரே பச்சையா இருக்கு. அவன் பாத்தா அப்பாவத் திட்டுவான்."

சின்னவள் முன்னறையின் பக்கம் பார்த்தாள். பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. "அம்மா, அப்பா இப்ப..." என்றாள்.

"திட்டுவான்" என்றாள் அம்மா.

திட்டக்கூடியவன்தான். செத்தவர் காதில் விழாது என்பதெல்லாம் அவனுக்கு ஒரு தடையாக இருக்காது. அதற்குப் பிறகு சின்னவள் காரைத் துடைக்கவில்லை. பெட்டிக்குள் இருப்பவருக்கு வரப்போகும் திட்டைத் துடைத்தாள்.

முதலில் சோப்புத் தண்ணீர். பானெட்டின் நடுவில் ஒரு சொட்டு, காசு அளவு. அதைச் சுற்றி சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு தீற்றல். தள்ளி ஒரு முழு உள்ளங்கை. ஓட்டுநர் கதவில் நான்கு விரல். தண்ணீர் பட்டதும் மெல்லிய தீற்றல்கள் ஒவ்வொன்றாக மங்கி, இருந்த இடம் தெரியாமல் போயின. வெள்ளை பளபளத்தது.

"போயிடுச்சு" என்றார் கணவர். அந்த வீட்டில் அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றே அழைத்தார்கள். கல்லூரியில் வேதியியல் வாத்தியார்.

வெயில் போர்ட்டிகோவின் ஓரத்தைத் தொட்டது. ஈரம் காயக் காய, அடியிலிருந்து யாரோ ஊதுவது போல, பச்சை திரும்பி வந்தது. முதலில் சுட்டுவிரல். பிறகு மற்றவை. கடைசியில் உள்ளங்கையின் ரேகை.

"ஈரத்துல ஒளி வேற மாதிரி போகும். காஞ்சாத்தான் தெரியும்" என்று மாப்பிள்ளை விளக்கினார். கறை ஏன் போகாது என்பதை அவரால் மிகத் தெளிவாகச் சொல்ல முடிந்தது. "எனாமல் இறுகிட்டா அது கறை இல்ல, படலம். மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கிட்டு..."

"படலமோ பாடலோ, எதப் போட்டாப் போகும், அதச் சொல்லுங்க."

அதற்கு அவர் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். ஒருவன் சமையல் எண்ணெய் போடச் சொன்னான். இன்னொருவன் எண்ணெய் போட்டால் கார் பாழ் என்றான். மூன்றாமவன் அவர்கள் இருவரையும் நம்பாதீர்கள் என்றான். சின்னவள் எண்ணெயும் போட்டாள், பழைய அட்டையால் சுரண்டியும் பார்த்தாள், கடைசியாகக் கைப்பையிலிருந்த ரிமூவரை எடுத்தாள். பஞ்சு பச்சையாயிற்று. கறை கொஞ்சம் இளைத்தது. பாட்டில் பம்பரோடு தீர்ந்துபோனது. தின்னர் வாங்கி வர மாப்பிள்ளையை அனுப்பினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் அவளைக் கடந்து உள்ளே போகும்போது, பாவம், துக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் காரைக் கழுவுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் நின்று அவள் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தாள்.

அப்போதுதான் கார் முதல் தடவை விழித்தது.

கதவுக் கைப்பிடியில் இருந்த கறையைத் துணியால் பற்றித் தேய்த்தாள். 'கிளுக்' என்று உள்ளே ஏதோ விடுபட்டது. மடிந்திருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும், யாரோ கூப்பிட்டதைக் கேட்டுக் காதை நிமிர்த்துவது போல, மெல்ல விரிந்தன. விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். இருக்கைகளின் மேல் இன்னும் கிழிக்காத பிளாஸ்டிக் உறை. வேறு யாரும் இல்லை.

சாவி பக்கத்தில் இருந்தால்தான் இந்தக் கார் அப்படிச் செய்யும் என்று அவளுக்குத் தெரியும். சாவி எங்கே என்று காலையில் தேடிப் பார்த்தாயிற்று, ஆணியில் இல்லை. அப்பாவின் கைலி மடிப்பிலும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடிகள் தாமாகவே மடிந்துகொண்டன.

தின்னர் வந்தது. அது கேட்கவில்லை, பிடுங்கியது. தொட்ட இடத்தில் பச்சை கரைந்து துணிக்கு ஏறியது. சின்னவள் முன்னாலிருந்து ஆரம்பித்து, ஓட்டுநர் பக்கம் போய், பின்கதவு, டிக்கி, மறுபக்கம் என்று ஒவ்வொரு தடமாக எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவின் பின்னாலேயே நடப்பது போல இருந்தது. அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறார். இல்லை, இரண்டு சுற்று. சில தடங்களின் மேல் இன்னொரு தடம் ஏறியிருந்தது.

டிக்கிக்கு அருகில் அவள் கை நின்றுவிட்டது. அங்கிருந்த தீற்றல் வட்டமாக இருந்தது. அதற்குள்ளே இன்னொரு வட்டம். பச்சையில் துணியின் இழை குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்திருந்தது. நெஞ்சு வலிக்கிறவர் பிடிமானத்துக்குக் கை வைத்தால் இழுபடும், சறுக்கும். வட்டம் போடாது. வட்டம் போட்டுத் தேய்ப்பவர் ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் தேய்ப்பார். இவ்வளவு நேரமும் அவளே அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

குனிந்து பார்த்தாள். பின்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே, வெளியே தெரியாதபடி திணித்து, ஒரு துணிச்சுருள். இழுத்தாள். அப்பாவின் கட்டம் போட்ட சட்டை. பாதிக்கு மேல் பச்சையில் ஊறி அட்டையாக விறைத்திருந்தது. பையில் சாவி.

காரின் கண்ணாடிகள் விரிந்தன. இந்த முறை அவள் பயப்படவில்லை. பயப்படுவதற்கு வேறொன்று கிடைத்திருந்தது. ஒரு சொட்டு சிந்தியிருக்கிறது. அதைத் துடைக்கக் கையை வைத்திருக்கிறார், கையே பெயின்டாக இருப்பதை மறந்து. அது பெரிதாகியிருக்கிறது. சட்டையைக் கழற்றித் துடைத்திருக்கிறார், இன்னும் பெரிதாகியிருக்கிறது. துடைத்ததைத் துடைக்க, அதைத் துடைக்க என்று காரைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். பேரப்பிள்ளை எடுத்த வயதில், மாட்டிக்கொண்ட பையனைப் போல, சட்டையை ஒளித்து வைத்திருக்கிறார். டாக்டர் சொன்ன அந்த ஒரு நொடி எங்கே வந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் நிறைய நொடிகள் இருந்தன.

"என்ன அது?" என்றார் மாப்பிள்ளை.

"பழந்துணி" என்றாள். சட்டையைக் காலிப் பெயின்ட் டப்பாவுக்குள் அமுக்கி, மூடியைக் காலால் மிதித்து அடைத்தாள்.

அம்மா வந்தவர்களை வழியனுப்புகிற சாக்கில் வெளியே வந்து, தூணோரம் நின்றாள். காரைப் பார்த்தாள். "போச்சா?"

"போயிட்டிருக்கு."

அம்மா தெருவைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். "மண்ணெண்ணெய் இருக்கான்னு கேட்டாருடி."

"எப்ப?"

"அப்பத்தான். வாசல்ல இருந்து. நான் டிவி பாத்துட்டு இருந்தேன். இந்தக் காலத்துல யார் வீட்ல மண்ணெண்ணெய் இருக்குன்னேன். அப்புறம் ஒண்ணும் கேக்கல." முந்தானையின் நுனியை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். "எதுக்குன்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்ல."

சின்னவள் தின்னரைத் துணியில் ஊற்றினாள். வாசனை கண்ணைக் கரித்தது. அது வசதியாக இருந்தது.

அம்மா உள்ளே போன பிறகும் அப்பாவின் அந்தக் கேள்வி போர்ட்டிகோவிலேயே நின்றது. காருக்கு அந்தப் பக்கமிருந்து, குனிந்திருப்பவர் கேட்பது போல, சாதாரணக் குரலில், தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற தயக்கத்தோடு. அவள் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளைதான் நின்றிருந்தார், போனோடு.

மைக் வெளியே வந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். மாலையில் இரங்கல் உரை அவர்தான். அதற்குக் கடைசி வார்த்தைகள் வேண்டுமாம். அம்மையாரைக் கேட்டால் வாயே திறக்கவில்லையாம். ஒரு வரி கிடைத்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"ஏதோ கேட்டாராம்" என்றாள் சின்னவள்.

"என்ன கேட்டார்?"

அவள் கதவின் அடிப்பகுதியைத் தேய்த்தாள். "இருக்கான்னு."

"என்ன இருக்கா?"

"அது மட்டும்தான் கேட்டுதாம்."

மைக் அசையாமல் நின்றார். கண்ணை மூடினார். திறந்தார். "இருக்கா" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "அடடா. எவ்வளவு பெரிய கேள்வி. ஞானிகளெல்லாம் காலமெல்லாம் கேட்ட கேள்விய, இந்த மனுஷன் மீட்டர் பாக்கறாப்ல கேட்டுட்டுப் போயிருக்கார்." அந்த வரியை மறப்பதற்குள் எழுதிக்கொள்ள உள்ளே ஓடினார்.

மத்தியானத்துக்குள் கார் வெள்ளையாகிவிட்டது. கடைசியாக ஒரு தரம் தண்ணீர் விட்டுக் கழுவினாள். ஒரு பச்சை இல்லை. மாப்பிள்ளைகூடக் குறை சொல்லவில்லை. பெயின்ட் டப்பாவைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அவள் திரும்பியபோது, வாடகைக் கார் ஒன்று கேட்டுக்கு வெளியே வந்து நின்றது.

பெரியவன் இறங்கினான். பயணத்தில் முகம் வீங்கியிருந்தது. அழுதிருந்தான் என்பதும் தெரிந்தது. வீட்டு வாசலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவன் கண் முதலில் காரின் மேல் போனது. ஒரு இமைப்புதான். அதை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காதது போல எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

பிறகு கண் மறுபடியும் காருக்கே வந்து, அங்கேயே நின்றது.

வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. கழுவிய தண்ணீர் காய்ந்துவிட்டிருந்தது. பளபளத்த பானெட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் பளபளப்பு இல்லை. அங்கே ஒரு கை. நிறம் எதுவும் இல்லாத, மூச்சுப்பட்ட கண்ணாடி போல மங்கிய, ஐந்து விரலும் விரிந்த ஒரு முழுக் கை. வெளியே இருந்து வைத்தது போல இல்லை. காருக்குள்ளிருந்து யாரோ தகட்டைத் தள்ளுவது போல இருந்தது.

"என்ன இது?" என்றான் பெரியவன்.

குரல் செய்திகளில் வருகிற அதே குரல். உள்ளேயிருந்து அம்மா வந்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை, மகனுக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். "அப்பா ஒண்ணும் பண்ணலடா" என்று தொடங்கினாள். "அவர் ஒண்ணும்..."

மைக்குக்கு வாழ்நாளில் அப்படி ஒரு மேடை வாய்த்ததில்லை. மெதுவாகப் படியிறங்கி வந்தார். பெரியவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி. அது உங்க அப்பா கை."

மைக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"கடைசி நேரத்துல பெத்தவன் பிள்ளையத் தேடினான். பிள்ளை பக்கத்துல இல்ல. பிள்ளையோட கார் இருந்தது. அதைத் தொட்டார். இருக்கா, இருக்கானான்னு கேட்டார். போயிட்டார். பெயின்டெல்லாம் போயிடும் தம்பி. இது பெயின்ட் இல்ல. எத்தன தடவ கழுவினாலும் போகாது. ஆசீர்வாதம்."

பெரியவன் பானெட்டைப் பார்த்தபடியே இருந்தான். அவன் உதடு கோணியது. பிறகு, எட்டு வயதுப் பையன் போல, "அப்பா" என்றான். மங்கிய கையின் மேல் தன் கையை வைத்தான். அவன் கை அதைவிடப் பெரிதாக இருந்தது. வயதானால் கை சுருங்கிவிடும் என்றார் மைக். பெரியவன் காரின் மேல் முழுவதுமாகச் சாய்ந்து, நெற்றியைத் தகட்டில் வைத்து அழுதான். பெல்ட்டின் பக்கிள் பம்பரில் உரசியது. அவன் கவனிக்கவில்லை.

வந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தலையைத் தடவிக்கொடுத்த அம்மாள் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள். மாப்பிள்ளை சின்னவளின் காதருகே, "மேல் கோட் கரைஞ்சிருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தார். அவள் அவர் காலை மிதித்தாள்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும், அந்தக் கைமேல் இனி யாரும் துணி போடக் கூடாது, பாலிஷ் போடக் கூடாது, அது அப்படியேதான் இருக்க வேண்டும் என்று பெரியவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். இப்போதும் உத்தரவுதான். ஆனால் மூக்கு அடைத்த உத்தரவு.

கூட்டம் உள்ளே நகர்ந்தபோது அம்மா சின்னவளின் பக்கத்தில் வந்தாள்.

"திட்டலல்ல?"

"திட்டலம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். முன்னறைக்குப் போனாள். பெட்டியின் கண்ணாடி மூடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். குனிந்து, உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி ஏதோ சொன்னாள். உறுமல் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

சின்னவள் போர்ட்டிகோவிலேயே நின்றாள். அவள் விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

பானெட்டில் இருந்தது இடது கை. அப்பாவின் கைகள் எல்லாவற்றையும் அவள் காலையிலேயே எடுத்துவிட்டாள். முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு சொட்டுப் பச்சை எட்டாமல் இருந்தது. அதைத் துடைப்பதற்காக, தின்னர் சொட்டும் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் அவள்தான் அங்கே சாய்ந்திருந்தாள்.